சிங்காநல்லூர் ஆமென்

மேடை மொழிபெயர்ப்பாளருக்கு வரக்கூடாத வியாதி ஒன்று உண்டு. பேச்சாளர் பேசிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும்போது நமக்கு வாய் அடைத்துக்கொள்வது. இருபது வருஷத்துக்கு மேல் அந்த வேலை பார்த்த எனக்கு அது ஒரே ஒரு தடவைதான் வந்தது. சிங்காநல்லூரில் ஒரு கல்யாண மண்டபம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மண்டபம் நிறையப் போதகர்கள். பக்கத்தில் வெளிநாட்டுப் புரொபசர் ஒருவர், கண் கலங்கி நிற்கிறார். மைக் என் கையில். எனக்குச் சத்தம் வரவில்லை.

பயத்தில் வாயடைக்கவில்லை. நான் யாருக்கும் பயப்படுகிற ஆள் இல்லை என்று என் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரைக் கேட்டால் அழுதுகொண்டே சொல்வார். அன்றைக்கு எனக்கு வந்தது சுத்தமான அதிர்ச்சி. இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் 'உங்களுக்கு மறக்க முடியாத கூட்டம் எது?' என்று கேட்கிறார்கள். இதுதான்.

1. வேலையின் சட்டம்

வாரநாட்களில் நான் இங்கிலீஷ் டீச்சர். சனி, ஞாயிறு, பரீட்சை லீவு என்றால் மேடை. மேட்டுப்பாளையத்திலிருந்து பெருந்துறை வரைக்கும் எந்தச் சபைக்கு வெளிநாட்டுக்காரர் வந்தாலும் டீச்சரைக் கூப்பிடு என்பார்கள்.

இந்த வேலைக்குச் சட்டம் கொஞ்சம்தான். அவர் 'நான்' என்றால் நீங்களும் 'நான்' என்று சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு பெரியவர் தன் மனைவி இறந்த கதையைச் சொன்னார். சேலை கட்டிக்கொண்டு நின்ற நான், "என் மனைவி என் மடியிலேயே உயிரை விட்டாள்" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் மூக்கைச் சிந்தினார்கள். அந்த நேரத்தில் மேடையில் நான் இல்லை, அவர்தான் இருக்கிறார் என்று கூட்டத்துக்குத் தெரியும். அடுத்த சட்டம், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

சட்டத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. அது ராகம். நம் சபைக் கூட்டங்களில் பிரசங்கத்துக்கு ஒரு ஏற்ற இறக்கம் இருக்கிறது. இரண்டு வரி மெதுவாக, மூன்றாவது வரியைத் தூக்கி, கடைசி வார்த்தையில் குரலை இறக்கினால் கூட்டம் 'ஆமென்' என்று வாங்கிக்கொள்ளும். வெளிநாட்டுக்காரர்கள் பேப்பரைப் பார்த்து வாசிக்கிற மாதிரி பேசுவார்கள். அந்த ராகத்தை நான்தான் ஏற்ற வேண்டும். எனக்கு அது கைவந்த கலை. "டீச்சர் சொன்னா கூட்டமே எந்திரிச்சு உக்காருமுங்க" என்று பேர் வாங்கியிருந்தேன். அந்தப் பேரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

2. சேர்மனின் வசனம்

சிங்காநல்லூரில் சின்னதாக ஒரு வேதாகமப் பள்ளி இருந்தது. போதகர் ஆக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம். அதில் பைபிளின் பழைய ஏற்பாட்டைப் பாடம் எடுத்தவர் பாஸ்டர் ஞானமுத்து. நாற்பது வயது, மெதுவாகப் பேசுவார், பள்ளி வளாகத்திலேயே குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இருந்தார். பழைய ஏற்பாட்டின் மூல மொழியான எபிரெயத்தைத் தபாலில் படித்துக் கற்றுக்கொண்டவர். பிரின்சிபால் ஓய்வு பெற்றுவிட்டதால் அந்த இடத்துக்கு ஞானமுத்துதான் என்று கமிட்டி கிட்டத்தட்ட முடிவு செய்திருந்தது. பள்ளி அந்தக் கல்யாண மண்டபத்தில் நடத்திய மூன்று நாள் கருத்தரங்கின் கடைசி நாளில் கமிட்டி சேர்மன் மேடையிலேயே அறிவிப்பதாக ஏற்பாடு.

சேர்மன் மோட்டார் பம்ப் கம்பெனி முதலாளி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, யாரைக் கண்டாலும் 'ங்க' போடாமல் பேச மாட்டார். காவல்காரரின் நாயைக்கூட "போங்க, அக்கட்டால போய்ப் படுங்க" என்று விரட்டியதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

அவர் விசுவாசத்துக்கு வந்த கதையை, சபை பாஷையில் சாட்சியை, நானே நாலைந்து முறை இங்கிலீஷில் சொல்லியிருக்கிறேன். இளவயதில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தவர். யாரோ ஒரு வேதப்புத்தகத்தைக் கொடுக்க, முதல் பக்கத்தையே திறந்திருக்கிறார். கடவுள் 'நமது சாயலாக' மனுஷனை உண்டாக்குவோம் என்று சொல்கிற இடம்.

"ஒருத்தரு எப்பிடிங்க 'நமது'ன்னு சொல்லுவாரு? அங்கயே பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணு பேரும் உக்காந்திருக்காங்க பாருங்க! எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுங்க" என்பார்.

அந்த ஒரு வசனத்தை நம்பிச் சபையில் சேர்ந்ததற்காக அவர் அப்பாவும் அண்ணன்மாரும் அவரை வீட்டை விட்டே துரத்திவிட்டார்கள். அப்பா செத்தபோது முகம் பார்க்கவும் விடவில்லை. இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவர் குரல் உடையும். ஆகவே அது அவருக்கு வெறும் வசனம் இல்லை. குடும்பத்தைக் கொடுத்து வாங்கிய வசனம்.

கருத்தரங்குக்குப் புரொபசரை அழைக்கலாம் என்று சொன்னவர் ஞானமுத்து. புரொபசர் எபிரெய வேதத்திலேயே ஆயுளைக் கழித்த மனிதர், கிழவர். தலைப்பு, 'எபிரெய வேதத்தில் கடவுளைக் குறிக்கும் பன்மைச் சொற்கள்'. சேர்மனுக்குத் தலைப்பைக் கேட்டதும் ஒரே சந்தோஷம். தன் வசனத்துக்கு ஒரு பெரிய படிப்பாளி வந்து சாட்சி சொல்லப் போகிறார் என்றே நினைத்துவிட்டார்.

3. முதல் நாள்

முதல் நாளே எனக்கு ஒரு அடி விழுந்தது. எபிரெயத்தில் கடவுள் என்ற சொல் பார்வைக்குப் பன்மை, ஆனால் அதோடு வருகிற வினை ஒருமை என்றார் புரொபசர். அதை அப்படியே உங்கள் மொழியில் சொல்லிக் காட்டுங்கள் என்றார். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"ஆதியிலே தேவர்கள் படைத்தான்."

மண்டபம் 'ஹா' என்றது. பின்னாலிருந்து ஒரு போதகர் எழுந்து காதைப் பொத்திக்கொண்டார். சேர்மன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, கை கூப்பியபடி, "ஏனுங்க டீச்சர், சாமியப் போயி அவன் இவன்னு சொல்லலாமுங்களா? நாம பச்சைக் கொழந்தையக்கூட வாங்க போங்கன்னு சொல்றவங்க" என்றார்.

'தேவர்கள்' என்றதுதான் ஒரே கடவுளைக் கும்பிடுகிற அந்த மண்டபத்தில் பெரிய குண்டு. அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. மரியாதை குறைந்ததுதான் எல்லாருக்கும் சுட்டது. நான் மன்னிப்புக் கேட்டு, 'படைத்தார்' என்று மாற்றிச் சொல்லி, கூட்டத்தை அமைதிப்படுத்தினேன்.

சாயங்காலம் புரொபசரோடு உட்கார்ந்து அடுத்த நாள் பாடத்தைப் பார்த்தேன். அதுவும் வேலையின் வழக்கம்தான். கேட்காமல் மேடை ஏறுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடக்கிற கதை. 'நமது சாயல்' வந்த இடத்தில் நான் நிறுத்தினேன். எங்கள் ஊரில் ஒற்றை ஆளையும் 'வாங்க' என்று சொல்வது போல மரியாதைப் பன்மையா என்று கேட்டேன். அவர் சிரித்தார். அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, ஆனால் எபிரெய வேதத்தில் ராஜாக்களே தங்களை 'நாம்' என்று சொல்லிக்கொள்வதாகக் காணோம், ஆகவே அது பலமில்லாத வாதம் என்றார். தனக்குள் தானே யோசித்துப் பேசுவதாகவும் சிலர் சொல்கிறார்களாம். அவருக்குப் பொருத்தமாகத் தோன்றியது வேறு. ராஜா தன் சபையில், சுற்றி நிற்கிற தேவதூதர்களிடம் பேசுவது போல. ஏசாயா தீர்க்கதரிசி காண்கிற தரிசனத்திலும் கடவுள் 'நமக்காக யார் போவான்' என்று கேட்கிறார், அங்கே சுற்றிலும் சேராபீன் என்கிற தூதர்கள் நிற்பது எழுதியே இருக்கிறதே என்றார்.

"அப்படியானால் பிதா, குமாரன், ஆவி என்கிற திரித்துவம்?" என்றேன்.

"நான் திரித்துவத்தை நம்புகிறவன். சபையின் பெரியவர்கள் பின்னாளில் இந்த வசனத்தை அப்படி வாசித்தார்கள், அதையும் சொல்வேன். ஆனால் இதை முதலில் எழுதியவருக்கும் கேட்டவர்களுக்கும் மூன்று ஆள் என்ற நினைப்பே இருந்திருக்காது. இது அதற்கு ஆதாரம் இல்லை. இல்லாததை இந்த வசனத்தின் வாயில் நான் திணிக்க மாட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேராக ஞானமுத்துவிடம் போனேன்.

"பாஸ்டர், நாளைக்கு இவரு உங்க தலையில கல்லைப் போடப் போறாரு. சேர்மன் கேட்டா உங்க வேலை போச்சு, ஊடும் போச்சு."

"தெரிஞ்சுதானுங்க டீச்சர் கூப்பிட்டேன். நான் வகுப்புல சொல்றதும் அதேதான். குறைக்காமச் சொல்லுங்க" என்றார்.

"உங்களைத் தவிர இங்கிலீஷ் தெரிஞ்சவங்க யாரும் மண்டபத்துல இல்லைங்க. நான் பூசி மெழுகினா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமுங்களே."

நான் போய் அந்தப் பாடத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன்.

4. ஆமென்

இரண்டாம் நாள். சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்பு சாதம் கொதிக்கிற வாசனை மண்டபத்துக்குள் வந்துகொண்டிருந்தது. சேர்மன் மேடையிலேயே, என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். வசனம் வரப்போகிறது என்று தெரிந்து நிமிர்ந்துகொண்டார். ஞானமுத்து முதல் வரிசையில், கையை மடியில் வைத்துக்கொண்டு.

புரொபசர் அந்த இடத்துக்கு வந்தார். நான் ஒரு வார்த்தை குறைக்கவில்லை. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, ராகத்தோடு சொல்லிவிட்டேன்.

"இந்த வசனத்தை எழுதியவர் மூன்று ஆட்களை நினைத்து எழுதவில்லை! இதைக் கேட்டவர்களும் அப்படிக் கேட்கவில்லை! இந்த வசனம் திரித்துவத்துக்கு ஆதாரம்... இல்லை!"

"ஆமென்!" என்றது மண்டபம்.

நான் அசந்துபோனேன். புரொபசர் அடுத்ததைச் சொன்னார். நானும் சொன்னேன். "பரலோக ராஜா தம்முடைய சபையில் தூதர்களிடம் பேசுகிறார்!" "ஆமென்! அல்லேலூயா!" நேற்றுக் காதைப் பொத்தியவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். திரும்பிப் பார்த்தேன். சேர்மன் கண்ணை மூடி, முகமெல்லாம் மலர, "ஆமென்... ஆமென்..." என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஒருத்தரும் கேட்கவில்லை! தங்கள் வீட்டு அஸ்திவாரத்தைப் பற்றி ஒரு மனிதர் பேசிக்கொண்டிருக்கிறார், இவர்கள் என் ராகத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் இத்தனை வருஷம்? ஊர் ஊராகப் போய்த் தொண்டை கிழியப் பேசியதெல்லாம்? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அதைவிடக் கொடுமை பக்கத்தில் நடந்தது. புரொபசர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "எங்கள் நாட்டில் இதைச் சொன்னதற்காக நண்பர்களை இழந்திருக்கிறேன். இவ்வளவு திறந்த மனசோடு யாரும் கேட்டதில்லை. இவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்" என்றார். அங்கேதான் எனக்கு வாய் அடைத்தது. பொய்யான நன்றியை நான் எப்படிச் சொல்வேன்?

சும்மா விட்டிருந்தால் எல்லாருக்கும் நல்லது. புரொபசர் சந்தோஷமாக விமானம் ஏறுவார். ஞானமுத்து மறுநாள் பிரின்சிபால். உண்மையைக் குறைக்காமல் சொல்லியும் ஆயிற்று. இதெல்லாம் எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. ஞானமுத்துவைப் பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தது. பிழைத்துக்கொண்ட மனிதனின் முகமாக அது இல்லை. அவமானப்பட்டவன் முகமாக இருந்தது.

வேலையின் முதல் சட்டத்தை உடைத்தேன். மேடையில் 'நான்' என்று என்னையே சொன்னேன்.

"ஏனுங்க, இப்ப பேசறது புரொபசர் இல்லைங்க, நான், டீச்சரு. நீங்க எதுக்கு ஆமென் சொன்னீங்கன்னு யாராவது சொல்ல முடியுமுங்களா?"

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் ராகம் இல்லாமல், வகுப்பில் வீட்டுப்பாடம் சொல்கிற குரலில், அந்த வரிகளை மறுபடியும் சொன்னேன்.

இந்த முறை ஆமென் வரவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. "துர்உபதேசம்!" என்று ஒருவர் கத்தினார். "மைக்கைப் புடுங்குங்க!" என்றார் இன்னொருவர். புரொபசர் என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

மைக்கை வாங்கியது சேர்மன். பிடுங்கவில்லை. "கொஞ்சம் குடுங்க டீச்சர்" என்று கேட்டு வாங்கினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அவருகிட்டக் கேளுங்க. நான் இந்த வசனத்தை நம்பித்தானுங்க ஊட்டை உட்டு வந்தேன். எங்கப்பன் மொகத்தைக்கூடப் பாக்கலைங்க. அப்ப நான் நம்புனது பொய்யுங்களா?"

நான் இங்கிலீஷில் கேட்டேன். புரொபசர் அவருக்கு எதிரே வந்து நின்றார்.

"பொய் இல்லை. நீங்கள் நம்புகிற கடவுள் இந்த ஒரு வசனத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் உங்கள் மனசை நோகவிடாமல் இருப்பதற்காக இந்த வசனம் சொல்லாததைச் சொல்கிறது என்று நான் சொன்னால், அதுதான் பொய்."

சேர்மன் கேட்டுக்கொண்டார். பிறகு முதல் வரிசையைப் பார்த்துத் திரும்பினார்.

"பாஸ்டர், நீங்களும் பசங்களுக்கு இதைத்தான் சொல்லிக் குடுக்கறீங்களா?"

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் உள்ளுக்குள் ஜெபம் பண்ணினேன் என்றே சொல்லலாம். ஞானமுத்து எழுந்து நின்றார்.

"ஆமாங்க. நம்ம சபை வாசிக்கறதையும் சொல்லித்தாரேன், மத்ததையும் சொல்லித்தாரேன். எழுதுனவரு என்ன நெனைச்சாருன்னு கேட்டா, புரொபசர் சொல்றதுதானுங்க என் எண்ணமும்."

5. மூன்றாம் நாள்

கடைசி நாள் சேர்மன் எழுந்து பேசியது கொஞ்சம்தான்.

"நேத்து நான் எதுக்கு ஆமென் சொன்னேன்னு எனக்கே தெரியலீங்க. வெக்கமாப் போச்சு. அப்புறம் ரெண்டு வேளை சோறு எறங்கலை, யோசிச்சுப் பார்த்தேன். பாஸ்டர் நல்லவருங்க, பொய் சொல்லாதவரு. ஆனா அவரு சொல்றது எனக்கு ஒப்பலைங்க. ஒப்பாததை ஒப்புனாப்பல காட்டி அவரைப் பிரின்சிபாலா உக்கார வெக்க என்னால முடியாது. இந்த மாசத்தோட அவரை அனுப்பிப்போடறோமுங்க."

இந்த மனிதர் கேட்டார், உண்மையிலேயே கேட்டார், சோறு தண்ணியில்லாமல் யோசித்தார். அதனால் மனம் மாறுவார் என்று அந்த நிமிஷம் வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். புரிந்துவிட்டால் ஒத்துக்கொள்வார்கள் என்பது வாத்தியார்களுக்கு உள்ள மூடநம்பிக்கை.

மாசக் கடைசியில் ஞானமுத்து வீட்டைக் காலி செய்தார். பெருந்துறைப் பக்கம் ஒரு சின்ன ஜெபவீட்டில் அவரை ஏற்றுக்கொண்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். சாமான் ஏற்ற வந்தது சேர்மனின் பம்ப் கம்பெனி டெம்போ. கூடவே சேர்மனும் வந்திருந்தார். ஆளை வேலையை விட்டு அனுப்பியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்பு பீரோவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை ஞானமுத்து பிடித்தார். "பார்த்துங்க பாஸ்டர், வெரலு." "நீங்க பார்த்துங்க, படி இருக்குது." எனக்குச் சேர்மன் மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு மரியாதை எதற்கு, வேலையைக் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே!

ஞானமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டேன். "நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா நீங்க இன்னேரம் பிரின்சிபாலுங்க."

"இருந்திருப்பேன். அப்புறம் சேர்மன் ஒருநாள் என் வகுப்புல வந்து உக்காருவாரு. அன்னிக்கு என்னங்க பண்றது?" என்றார். என் மேல் அவருக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. எனக்கும் நான் செய்தது தப்பு என்று அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. ஆனால் அந்தக் காலி வீட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கயிறு கட்டி முடித்ததும் சேர்மன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஞானமுத்து பக்கத்தில் வந்தார்.

"பாஸ்டர், ஒண்ணு கேக்கோணுமுங்க. தூதர்கிட்டப் பேசறாருன்னு சொல்றீங்க. அவங்களைப் பார்த்து 'நமது சாயல்'னா, மனுசன் தூதர் சாயல்லயும் இருக்கோணுமில்லீங்க? அப்பிடி எங்கயும் எழுதலையே?"

ஞானமுத்துவின் முகம் அன்றைக்குத்தான் முதல்முறையாக வெளிச்சமானது. "அடேங்கப்பா! அந்த வெளக்கத்துக்கு இருக்கற பெரிய சிக்கலே அதுதானுங்க. படிச்சவங்களும் அங்கதான் முட்டிக்கிட்டு நிக்கறாங்க."

"பார்த்தீங்களா! அப்ப நான் சொல்றதுதானுங்க சரி."

"அதுவும் இல்லீங்களே. அடுத்த வசனத்துல படைக்கறப்ப 'நமது' இல்லை, 'தம்முடைய' சாயல்னுதான் வருது. அதை என்ன பண்ணுவீங்க?"

டிரைவர் ஹாரன் அடித்தார். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், சேர்மன் முன்கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் ஏறி, ஞானமுத்துவுக்கும் இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்.

"நானும் பெருந்துறை வரைக்கும் வாரேனுங்க. இது இன்னும் முடியலை" என்றார்.

"திரும்பி எப்பிடிங்க வருவீங்க?" என்று கேட்டேன்.

"பஸ்ஸா இல்லை? நீங்க போங்க டீச்சர்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலை ஞானமுத்துவுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. சேர்மனும் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை அவர் கார் பெருந்துறை ரோட்டில் போவதை மட்டும் சபைக்காரர்கள் பார்த்துச் சொல்வார்கள். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஆமென் சொல்கிறவரை நம்பி ஏமாறாதீர்கள், உங்களோடு சண்டைக்கு வருகிறவர்தான் நீங்கள் சொன்னதைக் கேட்டவர். கேட்க வைக்கிறது வரைக்கும்தான் நம் வேலை, அதற்குப் பிறகு அவர் என்ன செய்வார் என்பது நம் கையில் இல்லை.